வாய் திறக்காத பண்ணையாள்

“பெயர் என்ன?”

யுத்த காலத்தில் எங்கள் மன்னார் மாவட்டத்துச் சனங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன அளவுக்கு வேறெந்தக் கேள்விக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். தள்ளாடியில் பாலத்தடியில் பெயர். மடுவில் நிவாரணத்துக்குப் பதிய வேண்டுமென்றால் பெயர். தலைமன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போனவர்களுக்கு மண்டபம் முகாமில் பெயர். 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன முஸ்லிம் குடும்பங்களுக்கு அங்கே பெயர். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் மறுபடியும் பெயர். போகுமிடமெல்லாம் பிள்ளையைப் புதுப் பாடசாலையில் சேர்க்கும்போது இடாப்பில் பெயர்.

நாங்கள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் கொன்னிக் கதைக்கிற ஒருவருக்குத் தன் சொந்தப் பெயர்தான் பெரும்பாலும் மிகக் கடினமான சொல். வேறு சொல் என்றால் தப்பிக்கொள்ள வழியுண்டு. ‘தண்ணீர்’ வராவிட்டால் ‘குடிக்க ஏதும்’ என்று கேட்கலாம். ‘முருங்கன்’ வராவிட்டால் ‘சந்தியில் இறக்குங்கோ’ என்று சொல்லலாம். பெயருக்கு மாற்றுச் சொல் இல்லை. துவக்கோடு நிற்கிறவன் முன்னால் பெயர் சொல்லத் தாமதித்தால் அது திக்குவாய் என்று யார் நினைப்பார்கள்? பொய்ப் பெயர் யோசிக்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

தன் பெயரைச் சொல்ல முடியாமல் தவித்த ஒருவர், பின்னாளில் உலகெங்கும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் படிக்கும் பாடத்தையே எழுதினார். சார்ள்ஸ் வான் றைப்பர் என்பது அவர் பெயர். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்தவர். பல்கலைக்கழகத்துக்கு அவர் பிறகு போனார்தான். ஆனால் அவருடைய சிகிச்சையின் வித்து அங்கே முளைக்கவில்லை. கமக்காரர் ஒருவரின் பண்ணையை விட்டு வந்த வழியில், ஒரு தெருவோரத்தில் முளைத்தது. அதனால்தான் அவர் கதையை எங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

சுரங்கக் கிராமத்துச் சிறுவன்

அவர் 1905 டிசம்பர் 1ஆம் திகதி மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள சாம்பியன் என்ற சிறு கிராமத்தில் பிறந்தார். காடும் பனியும் இரும்புச் சுரங்கமும் உள்ள இடம். தகப்பன் அந்த ஊர் வைத்தியர். ஊரிலுள்ள நோய்க்கெல்லாம் மருந்து கொடுத்த தகப்பனால் சொந்த மகனின் நாவைச் சரிசெய்ய முடியவில்லை.

சிறு வயதிலேயே தொடங்கிய கொன்னல் வளர வளர மோசமாயிற்று. சாதாரணத் தடுமாற்றம் அல்ல. ஒரு சொல்லை வெளியே தள்ளுவதற்குள் முகம் கோணும், தாடை இழுக்கும், தலை உதறும். அதைப் பார்க்கிறவர்கள் சிலர் சிரிப்பார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொள்வதும் சிரிப்பைப் போலத்தான் சுடும். கெட்டிக்காரப் பிள்ளை, நன்றாகப் படித்து 1926இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டமும் பெற்றார். ஆனால் வாய் திறந்தால் தலை உதறுகிறவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் திக்குவாயை மாற்றித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கும் தனியார் நிறுவனங்கள் பல இருந்தன. கையை ஆட்டி ஆட்டித் தாளம் போட்டுக் கதைக்கப் பழக்குவார்கள். அங்கே இருக்கும்வரை பேச்சு வரும்; வீட்டுக்கு வந்து சில நாளில் பழையபடி ஆகிவிடும். போன காசு போனதுதான். எங்களூரில் நூல் கட்டியும் பார்வை பார்த்தும் செலவழிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஊமையாக நடித்த காலம்

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கதைத்தால்தானே கேலி? கதைக்காமலே விட்டால்? விஸ்கொன்சின் மாநிலத்தில் றைன்லாண்டர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பண்ணையில், காதும் கேளாத வாயும் பேசாத ஆள் என்று நடித்துக் கூலி வேலைக்குச் சேர்ந்துகொண்டார்.

பட்டம் பெற்ற இளைஞன் ஒருவன் ஊமை வேடம் போட்டுக் கூலிக்கு நிற்கிறான். இதை ஒரு கமக்காரக் குடும்பம் வாசிக்கும்போது, அதன் பாரம் நகரத்து ஆட்களைவிட நன்றாக விளங்கும் என்று நினைக்கிறேன். வயல் வேலை வாய் பேசாத வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கலாம். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் நானாட்டான் வயல்வெளியில் ஒருமுறை நின்று பார்த்தால் தெரியும். வரம்புக்கு வரம்பு கூப்பிடுவார்கள்; மடையைத் திற, அடை என்று சத்தம் வரும்; நாற்று நடுகிற பெண்கள் ஊர்க்கதை முழுவதும் கதைத்து முடிப்பார்கள்; தேத்தண்ணீர் கொண்டு வருகிற பிள்ளையைக் கூப்பிடுவார்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஒருவன் காது கேட்டும் கேளாதவன்போல் நிற்க வேண்டும். தன்னைப் பற்றித் தன் முன்னாலேயே கதைத்தாலும் முகம் மாறக் கூடாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பக் கூடாது. மாட்டோடும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

கேலி நின்றது உண்மை. ஆனால் மனிதரோடு இருந்த கடைசி நூலும் அறுந்தது. அவரால் அதைத் தாங்க முடியவில்லை. பண்ணையை விட்டுவிட்டு, வழியில் வருகிற வாகனங்களை மறித்து ஏறி வீடு போவது என்று தெருவுக்கு வந்தார். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்கு எந்த எண்ணமும் இருக்கவில்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் இப்படி வாயை மூடிக்கொண்ட பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். புதிய பாடசாலை, புதிய முகங்கள், வேறு ஊர்ப் பேச்சு. இரண்டு தரம் சிரித்துவிட்டால் போதும். மூன்றாம் தரம் அந்தப் பிள்ளை கை உயர்த்தாது. வாத்தியார் அதை ‘அமைதியான பிள்ளை’ என்று அறிக்கையில் எழுதுவார். தாய்க்கும் அது பெருமையாக இருக்கும்.

பழைய காரில் வந்த கிழவர்

தெருவோரத்தில் மரத்தடியில் களைத்துக் கிடந்த வான் றைப்பரை ஒரு கிழவர் தன் பழைய போர்ட் காரில் ஏற்றிக்கொண்டார். ஏறினவுடன் அவர் கேட்டதும் அதே கேள்விதான்: பெயர் என்ன, தம்பி?

இளைஞனின் முகம் கோணியது, தலை உதறியது, பெயர் வரவில்லை. கிழவர் சிரித்தார். இவருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிழவர் கையமர்த்தினார். உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நானும் வாழ்நாள் முழுக்கக் கொன்னுகிறவன்தான் என்றார். இளம் வயதில் தானும் இப்படித்தான் சொல்லோடு மல்லுக்கட்டித் துள்ளியதாகவும், இப்போது வயது போய்விட்டது, சண்டை பிடிக்கத் தெம்பில்லை, வருகிற சொல்லை அதன் பாட்டில் கசிய விடுவதாகவும் சொன்னார். அவர் கதைத்தபோது கொன்னல் இருந்தது. ஆனால் இழுப்பும் இல்லை, கோணலும் இல்லை. கேட்கிறவருக்கு வருத்தமும் இல்லை.

அவ்வளவுதான். கிழவரின் பெயரை வான் றைப்பர் எங்கும் எழுதியதாகத் தெரியவில்லை. தன் தொழிலுக்கு அடித்தளமானது அந்தக் கார்ப் பயணம்தான் என்று மட்டும் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அன்றுவரை அவர் செய்ததெல்லாம் கொன்னாமல் இருக்கப் போராடியது. அந்தப் போராட்டம்தான் முகத்தைக் கோணச் செய்தது, தலையை உதறச் செய்தது. கொன்னல் கொஞ்சம், அதற்குப் பயந்து செய்கிற மல்லுக்கட்டு மலையளவு. கொன்னலை ஒழிக்க முடியாவிட்டாலும், இலகுவாகக் கொன்னப் பழகலாம் அல்லவா?

மடை உடைப்புப் போல

அதன் பிறகு அவர் அயோவாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பேச்சுக் குறைபாடுகளை விஞ்ஞான முறையில் ஆராயத் தொடங்கியிருந்த முதல் இடங்களில் அது ஒன்று. லீ எட்வேர்ட் ட்ராவிஸ் என்ற பேராசிரியர் அங்கே இருந்தார். கைப்பழக்கத்துக்கும் கொன்னலுக்கும் தொடர்பு உண்டென்று அந்தக் காலத்தில் நம்பியதால், வலது கையைக் கட்டி இடது கையால் வேலை செய்யச் சொன்னார்கள். அது பெரிதாகப் பலன் தரவில்லை. வான் றைப்பர் 1934இல் உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1936இல் கலமசூ நகரில் ஆசிரியர் கல்லூரி ஒன்றில் பேச்சுச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1939இல் பேச்சுத் திருத்தம் பற்றிய அவருடைய பாடநூல் வெளிவந்தது. பல தலைமுறை மாணவர்கள் அதைப் படித்தார்கள்.

அவருடைய முறையை வயலை வைத்துச் சொன்னால் சுலபமாக விளங்கும். வரம்பு உடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவருக்கு உடைந்த பிறகுதான் தெரியும். போய் நின்று நிதானமாகக் கட்டுவார். கொஞ்சம் பழகியவர் உடைந்துகொண்டிருக்கும்போதே பிடித்துவிடுவார். நன்றாகப் பழகியவர் வரம்பு நனைந்து இளகும்போதே கண்டு மண் வைப்பார். வான் றைப்பரும் இதே ஒழுங்கில்தான் பழக்கினார். முதலில், சொல்லில் சிக்கி முடிந்த பிறகு, ஒரு கணம் நின்று, அதே சொல்லை இளக்கமாகத் திரும்பச் சொல்ல வேண்டும். அது பழகியதும், சிக்கிக்கொண்டிருக்கும்போதே உதட்டையும் நாவையும் தளர்த்தி மெல்ல வெளியே வரவேண்டும். கடைசியாக, பயமான சொல் வருமுன்பே வாயைத் தளர்வாக வைத்துத் தொடங்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு படி இருக்கிறது. அதுதான் கடினம். வெட்கத்தைப் போக்குவது. தன்னிடம் வந்தவர்களைக் கடைத்தெருவுக்கு அனுப்பி, அந்நியரிடம் வேண்டுமென்றே கொன்னிக் கதைக்கச் சொல்வார். தானும் கூடப் போய் அப்படியே கதைத்துக் காட்டுவார். பயந்து ஒளிகிற ஒன்றை நாமே வெளியே எடுத்துப் போட்டால் பயம் எங்கே நிற்கும்?

அவருடைய சொந்தக் கொன்னல் கடைசிவரை முழுதாக மாறவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. கல்லூரியில் விரிவுரை செய்தார், கூட்டங்களில் பேசினார், வயதான காலத்தில் தன் சிறு வயது ஊர்க் கதைகளைப் புனைபெயரில் எழுதிப் புத்தகங்களாக்கினார். 1994இல் காலமானார்.

இன்னொரு கமக்காரன் மகன்

அயோவாவில் அவரோடு இருந்தவர் வென்டெல் ஜோன்சன். கான்சஸ் மாநிலத்துப் பண்ணைக் குடும்பத்தில் 1906இல் பிறந்தவர். அவரும் கொன்னுகிறவர். கொன்னல் பிள்ளையின் வாயில் தொடங்குவதில்லை, அதைக் குறையென்று கேட்கிற பெற்றோரின் காதில் தொடங்குகிறது என்பது அவருடைய கொள்கை.

இந்தக் கொள்கையைச் சோதிக்க 1939இல் அவருடைய மாணவி ஒருவர், டேவன்போர்ட் நகரத்து அநாதை இல்லத்தில் 22 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார். யுத்தத்தில் இறந்த படையினரின் பிள்ளைகளுக்காக ஆதியில் தொடங்கப்பட்ட இல்லம் அது. நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் சிலரிடம், உனக்குக் கொன்னல் தொடங்குகிறது, கவனமாய்க் கதை, சரியாக வராவிட்டால் கதைக்காதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் கொன்னுகிறவர்களாக மாறிவிடவில்லை. ஆனால் ஒடுங்கிப் போனார்கள், வாய் திறக்கக் கூச்சப்பட்டார்கள், படிப்பில் பின்தங்கினார்கள். விடயம் வெளியே வந்தது 2001இல்தான். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு அயோவா மாநிலம் 9,25,000 டொலர் நட்டஈடு கொடுக்க இணங்கியது. அப்போது அவர்கள் கிழவர்கள், சிலர் இறந்துவிட்டார்கள்.

சொந்த வேதனை ஒருவரை இரக்கமுள்ளவராக்கும் என்று நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஜோன்சனின் வேதனையும் உண்மையான வேதனைதான். கேட்பாரில்லாத பிள்ளைகள் என்பதால்தானே இந்த இல்லம் தெரிவானது? அந்த இடத்தில் அவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய கொள்கையும் பிழை என்று இன்று தெரிந்திருக்கிறது. கொன்னல் பெற்றோரால் வருவதல்ல. மூளை பேச்சை ஒழுங்குபடுத்துகிற விதத்தோடு சம்பந்தப்பட்டது; பல குடும்பங்களில் பரம்பரையாக ஓடுகிறது. பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள் 2010இல் இதனோடு தொடர்புடைய சில மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே, ‘நாங்கள் பங்கருக்குள் வைத்திருந்ததால்தான் பிள்ளைக்கு இப்படியாயிற்று’ என்று குமைகிற தாய்மார் அந்தப் பாரத்தை இறக்கி வைக்கலாம். கொன்னல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் தொடங்குவது. அந்த வயதில் பிள்ளை முகாமில் இருந்திருந்தால், முகாம்தான் காரணம் என்று தோன்றுவது இயல்பு. பயமும் நித்திரையின்மையும் கொன்னலைக் கூட்டும் என்பது வேறு கதை.

அதேபோல, யுத்தம் நேரடியாகப் பேச்சைப் பறிப்பதும் உண்டு. தலைக்காயம், ஷெல் அதிர்ச்சி, கண்முன் கண்ட கோரம் ஆகியவற்றால் ஒருவர் திடீரென்று ஊமையாகலாம், திடீரென்று கொன்னத் தொடங்கலாம். அவுஸ்திரேலியாவின் லயனல் லோக் இந்த வழியால் தொழிலுக்கு வந்தவர். அவருக்குக் கொன்னல் இல்லை, வைத்தியப் பட்டமும் இல்லை. மேடைப் பேச்சுக் கற்பித்தவர். முதலாம் உலக யுத்தம் முடிந்து, நச்சுவாயுவாலும் அதிர்ச்சியாலும் குரல் இழந்த படையினர் பேர்த் நகருக்குத் திரும்பியபோது, தனக்குத் தெரிந்த மூச்சுப் பயிற்சியைக் கொண்டு அவர்களுக்கு உதவப் போனார். 1924இல் லண்டன் போனார். 1926 ஒக்ரோபரில் அவரிடம் வந்த கொன்னுகிற இளவரசர் பின்னாளில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் ஆனார். 1939 செப்ரெம்பர் 3ஆம் திகதி மன்னர் வானொலியில் யுத்தம் பற்றி உரையாற்றியபோது லோக் பக்கத்தில் நின்றார். எங்கள் அம்மம்மா காலத்தில் இலங்கைக் காசில் இருந்ததும் அந்த மன்னரின் தலைதான்.

எங்கள் வீடுகளில்

வசம்பு உரைத்து நாவில் தடவுவது, வாயில் கூழாங்கல் வைத்துக் கதைக்கச் சொல்வது, நாவின் அடியை வெட்டுவிப்பது, குட்டுவது: இவற்றில் எதுவும் கொன்னலை மாற்றாது. நாவில் பிழையில்லை. மடு மாதாவுக்கு நேர்த்தி வையுங்கள், அது உங்கள் விசுவாசம். ஆனால் பிள்ளையைச் சனத்துக்கு முன்னால் நிறுத்தி, ‘இவனுக்கு வாய் வராது, செபியுங்கோ’ என்று சொல்லாதீர்கள். மாற்கு நற்செய்தியில், காது கேளாமல் பேச்சுத் தடுமாறிய மனிதனை ஆண்டவர் தொடுமுன் என்ன செய்தார் என்று பாருங்கள். கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போனார்.

கொன்னல் தொடங்குகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது சில வருடங்களுக்குள் தானாகவே மறைகிறது. மிஞ்சுகிறவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். எந்தப் பிள்ளைக்கு மறையும், எதற்கு மிஞ்சும் என்று முற்கூட்டிச் சொல்ல முடியாதபடியால் வீட்டில் செய்வதை எல்லாப் பிள்ளைக்கும் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பிள்ளை சொல்லில் சிக்கினால், அந்தச் சொல்லை நீங்கள் சொல்லி முடிக்காதீர்கள். ‘மூச்சை இழுத்துச் சொல்லடா’, ‘ஆறுதலாய்க் கதை’ என்று திருத்தாதீர்கள். அதைவிட நீங்கள் ஆறுதலாகக் கதையுங்கள், பிள்ளை பின்னால் வரும். முகத்தைத் திருப்பாமல் கண்ணைப் பார்த்து, என்ன சொல்கிறது என்பதைக் கேளுங்கள்; எப்படிச் சொல்கிறது என்பதையல்ல. சாப்பாட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கிற வீட்டில், ஒவ்வொருவராய்க் கதைக்கப் பழகுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் அந்தப் பிள்ளையோடு தனியே இருங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போதும் இருக்கலாம். யாராவது பெயர் கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். வகுப்பாசிரியரிடம் போய் விடயத்தைச் சொல்லுங்கள். இடாப்புக் கூப்பிடும்போது கை உயர்த்தினால் போதும் என்று அவர் விட்டாரென்றால், பாதி நாள் பயம் போய்விடும். வாசிப்பை இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து வாசிக்க விடலாம்; இருவராய்ச் சேர்ந்து வாசிக்கும்போது கொன்னல் பெரும்பாலும் வராது.

ஒரு வருடமாகியும் மாறாவிட்டால், முகம் கோணத் தொடங்கினால், பிள்ளை கதைக்கவே மறுத்தால், குடும்பத்தில் வளர்ந்தவர் யாருக்காவது கொன்னல் இருந்தால், காத்திருக்க வேண்டாம். வளர்ந்த பிள்ளைக்கோ பெரியவருக்கோ திடீரென்று தொடங்கினால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். இரண்டு வயதாகியும் சொற்கள் வராத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று சோதிப்பியுங்கள்.

பேச்சுச் சிகிச்சையாளர்களை இந்த நாட்டில் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பட்டப்படிப்பாகப் பயிற்றுகிறார்கள். தமிழில் சிகிச்சை செய்யக்கூடியவர்கள் இன்னும் குறைவு. உயர்தரம் படிக்கிற உங்கள் மகளோ மகனோ இருந்தால், இப்படி ஒரு தொழில் உண்டென்று சொல்லி வையுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் காசில்லை. கிராமத்துக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது மன்னார் பொது வைத்தியசாலை வைத்தியரிடம், எந்த வைத்தியசாலையில் எந்த நாளில் பேச்சுச் சிகிச்சையாளரைக் காணலாம் என்று கேட்டு, கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையின் வளர்ச்சிக் கொப்பியைக் கொண்டு போங்கள். இடம்பெயர்வில் தொலைந்திருந்தால், எத்தனை வயதில் முதற்சொல் வந்தது, எப்போது கொன்னத் தொடங்கியது என்று நினைவில் உள்ளதைத் தாளில் எழுதிக்கொண்டு போனாலும் போதும்.